யாழினி, கவின்: மூன்றாவது பெடியனுக்கு என்ன பெயர்?

வெள்ளவத்தை அம்மா:

வணக்கம். மூத்தவள் யாழினி, அடுத்தவன் கவின். இப்போது மூன்றாவது, ஆண்பிள்ளை. இன்னும் 31ஆம் நாள் துடக்குக் கழியவில்லை, அதற்குள் வீட்டில் பெயர்ச் சண்டை தொடங்கிவிட்டது.

பிள்ளை அனுஷம். திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் இரண்டாம் பாதம் வருகிறது, வாக்கியப் பஞ்சாங்கத்தில் முதலாம் பாதம். அதன்படி பெயரின் முதலெழுத்து ஒன்றில் "நி", மற்றதில் "ந".

இப்போதைக்கு நான்கு பெயர் மேசையில் இருக்கிறது. இவருக்கு நவின், கவினோடு சேர்ந்து ஒலிக்கும் என்று. எனக்கு நிலவன். என் தம்பி கதிர் என்கிறான், எழுத்துப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லையாம். மாமிக்கு நிரோஷன்தான் வேண்டும். அவவின் காலத்தில் நிரோஷா, நிரோஷினி, நிரோஷன் என்று வரிசையாக வைத்தார்கள். மாமா எண்சாத்திரமும் பார்க்கவேணும் என்று நிற்கிறார்.

நான் கேட்பது இதுதான். மூன்று பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியவேண்டும். ஷ, ஜ, ஸ வேண்டாம், மூத்த இரண்டு பேருக்கும் இல்லை. கொழும்பில் வளரும் பிள்ளை, சிங்களம் பேசுபவர்கள் வாயிலும் பெயர் சிதையாமல் இருக்கவேண்டும். தகப்பன் பெயர் இங்கிலிஷில் "எஸ்" எழுத்தில் தொடங்குகிறது. யாழினியின் ழகரத்துக்குப் பாஸ்போர்ட்டில் "எல்" போட்டுத்தான் எழுதியிருக்கிறோம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

தமிழ்ப்பாட வாத்தியார்:

நவினை முதலில் விடுங்கள். எழுதிப் பார்க்க அழகு, கூப்பிட்டால்தான் கோளாறு தெரியும். குசினிக்குள் நின்று பிள்ளையைக் கூப்பிடும்போது யாரும் பெயரை அளவாக உச்சரிப்பதில்லை. முதலெழுத்து அமுங்கும், கடைசி உயிர் நீளும்: "…வீஈன்!" மேல்மாடியில் இருப்பவனுக்குக் கேட்பது அந்த "வீஈன்" மட்டுமே. ஒன்றில் இரண்டு பேரும் ஓடிவருவார்கள், இல்லாவிட்டால் தன்னை இல்லை என்று இரண்டு பேரும் இருந்துவிடுவார்கள்.

கதிருக்கும் இதே குறைதான், கொஞ்சம் மறைந்திருக்கிறது. கவின், கதிர் இரண்டிலும் முதலெழுத்து "க", கடைசி உயிர் இகரம். இடையில் வரும் மெய்யும் கடைசி மெய்யும்தான் வேறு.

எதுகையும் மோனையும் பாட்டுக்கு நல்லது. ஒரே வீட்டில் தினமும் கூப்பிடப்படும் பெயர்களுக்கு முதல் மெய் வேறாக இருக்கவேண்டும், கடைசி அசையின் உயிரும் முடிந்தால் வேறாக இருக்கவேண்டும். யாழினி இகரத்தில் முடிகிறது, கவினிலும் கடைசி உயிர் இகரம். ஆகவே மூன்றாவதற்கு அகரம் எடுங்கள்: -லன், -வன், -யன் என்று முடிபவை.

அப்படியானால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பது எதில் தெரியும்? பெயர் எந்த வகைச் சொல் என்பதில். யாழ் ஒரு கருவி, கவின் என்றால் அழகு. இரண்டும் தமிழ்ச் சொற்கள், இரண்டும் சிறியவை, கடவுள் பெயரோ அரசன் பெயரோ இல்லை. இவற்றுக்குப் பக்கத்தில் "நெடுஞ்செழியன்" வந்து நின்றால் தமிழ்தான், ஆனால் தம்பி அரசசபையிலும் அக்காவும் அண்ணாவும் முற்றத்திலும் இருப்பதுபோல இருக்கும். நிரோஷன் கெட்ட பெயர் இல்லை. வரிசையாக எல்லாருக்கும் அப்படி வைத்த வீட்டில் அது பொருந்தும். இங்கே அதுமட்டும் தனியாகத் தெரியும்.

நிலவன் நல்ல தெரிவு. அதோடு இன்னொன்றையும் யோசியுங்கள்: நித்திலன். நித்திலம் என்றால் முத்து. அசை பிரித்துப் பாருங்கள்: யா/ழினி நேர் நிரை, நித்/திலன் நேர் நிரை. இரண்டும் கூவிளம். கவின் நடுவில் ஒரே நிரையசையாக நிற்கிறது. மூன்றையும் வயது வரிசையில் சத்தமாகச் சொன்னால் நீளம், குறுக்கம், நீளம் என்று வரும். நிலவன் புளிமா (நில/வன்), கவினைப்போலவே நிரையில் தொடங்குவதால் அந்த ஏற்ற இறக்கம் சற்றுக் குறையும். பெரிய குறையென்று சொல்லமாட்டேன், ஆனால் காதுக்கு வித்தியாசம் தெரியும்.

"ந" எழுத்தில் தேடுபவர்கள் பலர் நன்னன் என்ற பெயரில் போய் நிற்பார்கள். சங்ககாலப் பெயர், சுருக்கமானது, ஷ ஜ இல்லை. ஆனால் சங்கப் பாட்டில் அந்தப் பெயருள்ள ஒருவன் பெண்கொலை செய்தவன் என்று பழி சுமந்தவன். ஆற்றில் மிதந்துவந்த மாங்காயைத் தின்ற பெண்ணைக் கொல்வித்தவன். அதே பெயரில் புகழப்பட்ட தலைவனும் உண்டு. இருந்தாலும் அக்கா இருக்கும் வீட்டில் அந்தப் பெயர் வேண்டுமா என்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனைப் பஞ்சாங்கம்:

எழுத்தைப் பற்றி வீட்டில சண்டை பிடிக்கத் தேவையில்லை தங்கச்சி. அனுஷத்துக்கு நாலு பாதத்துக்கும் முறையே ந, நி, நு, நே. ஒரு பாதம் எண்டால் 3 பாகை 20 கலை. சந்திரன் அதைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் எடுக்கும். வாக்கியமும் திருக்கணிதமும் சந்திரன்ர இடத்தைக் கணிக்கிற முறை வேற, அதால நட்சத்திரம் தொடங்கிற நேரமும் முடியிற நேரமும் ரெண்டிலயும் ஒண்டா வராது. பாத எல்லைக்குக் கிட்டப் பிறந்த பிள்ளைக்கு இப்பிடி மாறித்தான் வரும். உங்கட பிள்ளைக்கு நட்சத்திரம் மாறேல்ல, அதுதான் முக்கியம். அனுஷம் முழுக்க விருச்சிகத்துக்குள்ள அடங்கிறதால ராசியும் மாறாது. ந எண்டாலும் சரி, நி எண்டாலும் சரி.

இன்னும் விரிச்சுப் பாக்கிற ஆக்கள் ராசி எழுத்து எடுப்பினம். ஒரு ராசிக்கு ஒன்பது பாதம். விருச்சிகத்துக்கு விசாகம் நாலாம் பாதத்து "தோ", அனுஷத்து நாலு, கேட்டையில நோ, ய, யி, யு. தேடுறதுக்கு இடம் கூடுது. கதிர் எண்டு வைக்கிறதெண்டாலும் தோஷம் ஒண்டுமில்லை; எழுத்துப் பெயரை வேற வைச்சு, அதைச் சாதகத்தில மட்டும் எழுதி வைக்கிற வீடுகளும் இருக்கு. அர்ச்சனைக்கு ஐயர் கேக்கிறது பெயரும் நட்சத்திரமும்தான், பாதம் கேக்கிறேல்ல.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கோ. மூத்த பிள்ளைகளுக்கு எந்தப் பஞ்சாங்கத்தில சாதகம் எழுதினதோ அதிலயே இவனுக்கும் எழுதுங்கோ. ஒரு பிள்ளைக்கு ஒண்டு, மற்றதுக்கு மற்றது எண்டு கலந்து வைச்சால் பேந்து பொருத்தம் பாக்கிற நேரம் தசா இருப்பு (பிறக்கிற நேரம் மிச்சமிருக்கிற தசைக் காலம்) முட்டுப்படும்.

எண்சாத்திரம்: மாமாவுக்குக் கணக்கைக் காட்டுங்கோ. இங்கிலிஷ் எழுத்துக்கு வழமையா வைக்கிற எண்படி ஏ, ஐ 1, எல், எஸ் 3, ரீ 4, என், எச் 5, வி 6. நிலவன்: என் 5, ஐ 1, எல் 3, ஏ 1, வி 6, ஏ 1, என் 5. கூட்டினால் 22, ஒற்றை எண் 4. நாலு கூடாதெண்டு சொல்லி நடுவில இன்னொரு "ஏ" போடச் சொல்லுவினம், 23 வரும். ஆனால் அதை வாசிக்கிறவன் "நிலாவன்" எண்டு வாசிப்பான். தகப்பன்ர முதலெழுத்து எஸ்ஸையும் சேர்த்து எண்ணுறவர் இருக்கினம். அப்பிடிப் பாத்தால் ஒண்டும் கூட்டாமலே 25, ஒற்றை எண் 7. அதால எண்காரரிட்டப் போக முதல் முதலெழுத்தைச் சேர்க்கிறவரோ சேர்க்காதவரோ எண்டு கேட்டு, மூத்த ரெண்டு பேருக்கும் எண்ணின முறையிலயே எண்ணச் சொல்லுங்கோ.

வாத்தியார் சொன்ன நித்திலனுக்கு இன்னொரு வசதி. தகரத்துக்கு இங்கிலிஷில ரீ எச் ஒருக்கா எழுதினால் 25. ரெண்டுதரம் எழுதினால் 34. ரெண்டுக்கும் ஒற்றை எண் 7. ரீயும் எச்சும் சேர்ந்தால் 9, ஒன்பதை எத்தினைதரம் கூட்டினாலும் ஒற்றை எண் மாறாது. நம்மட பெயர்களில ரீ எச் நிறைய வாறதால இது தெரிஞ்சு வைச்சிருந்தால் நல்லது.

கந்தோர்க்காரன்:

பெயர் எதுவானாலும் பதிவில் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பெயர்ப் பிரச்சினைகளில் பாதி இங்கேதான் உண்டாகிறது.

பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும். 31ஆம் நாள் துடக்குக் கழித்துத் தொட்டிலில் போட்டுப் பெயர் சொன்ன பிறகு கந்தோருக்குப் போவோம் என்று இருந்தால் கையில் மிஞ்சுவது 11 நாள். அதற்குள் சனி, ஞாயிறு, போயா எல்லாம் வரும். பெயரை 31க்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். சடங்கு அதன் நாளில் நடக்கட்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அதற்கு மேலதிக பத்திரங்களும் அலைச்சலும்.

வெள்ளவத்தையில் இருப்பதால் வெள்ளவத்தைப் பதிவாளரிடம் போகக்கூடாது. பிள்ளை பிறந்த இடம் எந்தப் பிரிவோ அந்தப் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம்தான் போகவேண்டும். பொரளைப் பக்கத்து வைத்தியசாலையில் பிறந்திருந்தால் அந்தப் பக்கம். வைத்தியசாலை தந்த பிறப்பு அறிக்கை, உங்கள் விவாகச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள் கையில் இருக்கட்டும். மூத்த இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளையும் கொண்டுபோங்கள். அவற்றை யாரும் கேட்கமாட்டார்கள், உங்களுக்குத்தான் தேவை.

ஏனென்றால் யாழினியின் சான்றிதழில் பெயர்க் கூட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னாலா? பிள்ளையின் பெயர் மட்டுமா? மூன்று பேருக்கும் ஒரே ஒழுங்கு இருக்கவேண்டும். ஒருவருக்குத் தகப்பன் பெயரோடு, மற்றவருக்கு இல்லாமல் இருந்தால் பின்னாளில் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று காட்டச் சத்தியக்கடதாசி வரைக்கும் போகும். தகப்பன் பெயர் முன்னால் வரும் எங்கள் வழக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டுப் படிவங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுக்கும். அப்போது அக்காவின் குடும்பப் பெயர் "யாழினி", தம்பியின் குடும்பப் பெயர் "கவின்". விசா அதிகாரிக்கு இவர்கள் அந்நியர். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கும் மற்றப் பெயர்களுக்கும் தனித்தனிக் கூடு இருக்கிறது. மூன்று பேருக்கும் தகப்பன் பெயரை ஒரே கூட்டில் எழுதுங்கள்.

அடுத்தது எழுத்து. பதியும் மொழி தமிழாக இருக்கவேண்டும் என்று போனவுடனேயே சொல்லுங்கள், பாதி எழுதிய பிறகு சொன்னால் சங்கடம். படிவத்தில் பெயரைச் சிங்களத்திலோ தமிழிலோ ஒன்றிலும், இங்கிலிஷ் பெரிய எழுத்தில் ஒன்றிலும் எழுத இடம் உண்டு. வாயால் சொல்லாதீர்கள். ஒரு தாளில் தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலும் எழுதிக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். இங்கிலிஷ் கூட்டை வெறுமையாக விட்டால் பிறகு மொழிபெயர்ப்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள்: ழகரத்துக்கு ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இசட் எச் போடுவார்.

கையெழுத்து வைக்க முன்னர் பதிவை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ன, ண, ந; ல, ள, ழ; ர, ற. இந்த மூன்று கூட்டத்தில்தான் பிழை வரும். கையெழுத்து வைத்தபின் பெயர் மாற்ற வேண்டுமானால் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் தனி விண்ணப்பம் போடவேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்து, பின்னர் பெயரைச் சேர்க்கவும் வழி இருக்கிறது. அதுவும் இன்னொரு விண்ணப்பம்தான். ஒரே தரத்தில் முடிப்பது மேல்.

வெள்ளவத்தை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நித்திலன் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது, மாமிக்குக்கூட. மூன்று சந்தேகம். ரீ எச் ஒன்றா இரண்டா? வீட்டில் கூப்பிட என்ன சின்னப் பெயர் வரும்? நிலவனையும் விட மனமில்லை, "நித்திலன் நிலவன்" என்று இரண்டாவது பெயராகப் பதியலாமா?

பம்பலப்பிட்டி அக்கா:

சின்னப் பெயரைக் கேட்டது நல்லது. பதிவுப் பெயரைவிட அதுதான் அதிகம் புழங்கும். யாழினி யாழி ஆவாள், கவின் கவி ஆவான். நித்திலனை விட்டால் தானாக வந்து நிற்பது "நித்தி". இந்தியாவில் பேச்சில் "தூக்கம்" என்பதுதான் வழக்கம். எங்கட பள்ளிக்கூடங்களில் முதலாம் வகுப்பு முடிவதற்குள் "நித்திரை" ஆகிவிடும். ஒருநாள் மேசையில் தலை வைத்தால் போதும். இப்போதே வேறு ஒன்றைப் பழக்குங்கள். "திலன்" நன்றாக இருக்கும். சிங்களவர்களுக்கும் பழகிய ஓசை. யாழி, கவி, திலன்: கூப்பிட மூன்றும் மூன்று விதம்.

நிலவனுக்கும் இதே கேள்வியைப் போட்டால் "நிலா" வரும். பெண்பிள்ளைப் பெயர். ஆண்பிள்ளைக்கு ஏழெட்டு வயதில் அது பிடிக்காமல் போகலாம். சிங்களக் காதுக்கு நிலவன் மோசமில்லை, அவர்களின் "நில்வன்", நீல நிறமுடையது என்ற சொல்லுக்குக் கிட்ட இருக்கிறது. கதிருக்குத்தான் இடைஞ்சல். அவர்களுக்கு "கதிர" என்றால் வாக்குச்சீட்டில் போடும் புள்ளடி. யாரும் கெட்டதாக எடுக்கப்போவதில்லை, ஆனால் தேர்தல் வந்தால் பகிடி நிச்சயம்.

நி எழுத்தில் நிமலன் என்று யாராவது சொல்ல வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அழகான சைவப் பெயர். ஆனால் கொழும்பில் கடைசி "அன்" கழன்று "நிமல்" ஆகிவிடும். தொலைபேசியில் சொன்னால் நிமல் என்றே எழுதிக்கொள்வார்கள். யாழினிக்கும் கவினுக்கும் தம்பி நிமல் என்றால் நீங்கள் கேட்ட பொருத்தம் அங்கேயே போய்விடும்.

தமிழ்ப்பாட வாத்தியார்:

நித்திரை விஷயம் எனக்குத் தோன்றவில்லை, சரியான எச்சரிக்கை. திலன் என்று பழக்கினால் இன்னொரு நன்மை, கூப்பிடும்போது நீளும் உயிர் அகரமாகவே இருக்கும். நித்தி என்றால் அதுவும் யாழி, கவியோடு சேர்ந்து இகரத்தில் போய் முடிந்திருக்கும்.

கந்தோர்க்காரன்:

இரண்டாவது பெயர் வேண்டாம். மூத்தவர்கள் இருவருக்கும் ஒற்றைப் பெயர். தகப்பன் பெயர், நித்திலன், நிலவன் என்று மூன்று சொல் பதிந்தால் பள்ளிக்கூட இடாப்பில் கடைசிச் சொல்லை வைத்து "எஸ். என். நிலவன்" ஆவான். நீங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒரு புள்ளி வைத்த எழுத்தாகக் குறுகிவிடும். இடம் மாற்றி நிலவனை நடுவில் போட்டாலும் அக்காவும் அண்ணாவும் ஒரு முதலெழுத்தோடு இருக்க இவனுக்கு மட்டும் இரண்டு. நிலவன் அவ்வளவு பிடித்திருந்தால் தொட்டிலில் போடும்போது காதில் சொல்லும் பெயராக வைத்திருங்கள், பதிவுக்குக் கொண்டுபோகவேண்டாம்.

ரீ எச் ஒருதரம் போதும். இரண்டுதரம் எழுதினால் பத்து எழுத்து, நடுவில் ரீ எச் ரீ எச் என்று அடுத்தடுத்து வருவதால் தட்டச்சு செய்பவர் ஒன்றை விட்டுவிடுவார். பிறகு அடையாள அட்டையில் ஒருவிதம், பரீட்சைச் சான்றிதழில் ஒருவிதம். ஒருதரம் எழுதினால் எட்டு எழுத்து. சந்தேகமாக இருந்தால் இங்கிலிஷில் எழுதிய தாளை இந்தப் பெயரை முன்பு கேள்விப்படாத இரண்டு பேரிடம், ஒரு தமிழரிடமும் ஒரு சிங்களவரிடமும், கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டக்கூடாது. தமிழர் "நித்திலன்" என்பார். சிங்களவர் அநேகமாக "நிதிலன்" என்பார். அவ்வளவு வித்தியாசம் தாங்கும்.

சிங்களத்தில் எழுதும்போது தகரத்தை இரட்டித்து எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கு வல்லோசைத் தகரத்துக்கு ஓர் எழுத்து, மென்மையான தகரத்துக்கு வேறோர் எழுத்து. தமிழ் தெரியாத ஒருவர் இங்கிலிஷைப் பார்த்து எழுதினால் மதன், ஆதவன் போன்ற பெயர்களில் அந்த இடத்தில்தான் தடுமாறுவார். "த்த" என்று இரட்டித்து வருவது எப்போதும் வல்லோசை, அதனால் நித்திலனில் அந்தச் சந்தேகம் இல்லை. தாளில் மூன்று மொழியிலும் எழுதி, அதற்குக் கீழே கவினின் சான்றிதழில் இருக்கிறபடி தகப்பன் பெயரையும் அதே எழுத்துக்கூட்டில் எழுதுங்கள். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மேலே சொன்ன அலைச்சல்தான்.

வெள்ளவத்தை அம்மா:

கவினின் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், தகப்பன் பெயர் முன்னால்தான் இருக்கிறது. யாழினியுடையதிலும் அப்படியே. இவனுக்கும் அதே ஒழுங்கில் எழுதி வைத்துவிட்டேன். சிங்களத்தில் மட்டும் பக்கத்து வீட்டு அன்ரியிடம் ஒருக்கா காட்டிவிட்டுத் தாளை மடிக்கிறேன்.